விலைக்கு வாங்கும் விருப்பம்: போலி லைக், போலி ஃபாலோயர் சந்தை

சமூக ஊடகப் பதிவுக்குக் கீழே தெரியும் எண்ணிக்கை இன்று ஒரு விற்பனைச் சரக்கு. லைக், ஃபாலோயர், சப்ஸ்கிரைபர், பார்வை, கமெண்ட், பகிர்வு என்று எதெல்லாம் எண்ணாகக் காட்டப்படுகிறதோ அதெல்லாம் ஆயிரக்கணக்கில் விலைக்குக் கிடைக்கிறது. வாங்குபவர் தன் பக்கத்தின் இணைப்பை ஒட்டி, எவ்வளவு வேண்டும் என்று குறித்து, பணம் கட்டினால் போதும். சில நிமிடங்களிலோ சில நாட்களிலோ எண்ணிக்கை ஏறிவிடும். ஏறிய எண்ணிக்கைக்குப் பின்னால் பதிவைப் படித்தவரும் இல்லை, பாடலைக் கேட்டவரும் இல்லை.

ஃபேஸ்புக் லைக் பொத்தானை அறிமுகப்படுத்தியது 2009 பிப்ரவரியில். அதற்கு முன்பும் இணையத்தில் வருகை எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் மோசடிகள் நடந்தன. ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் விளம்பரதாரருக்கும் தள உரிமையாளருக்கும் மட்டுமே தெரிந்தவை. லைக்கும் ஃபாலோயர் எண்ணிக்கையும் வந்த பிறகு, ஒவ்வொரு மனிதரின் பெயருக்குப் பக்கத்திலும் ஊர் முழுக்கப் பார்க்கும்படி ஓர் எண் நிரந்தரமாக நின்றது. அந்த எண் மூன்று வகையில் பணமாகிறது. எண் பெரிதாக இருந்தால் புதிதாக வருபவர் நம்புகிறார். தளத்தின் பரிந்துரை நிரல், அதிக வரவேற்பு பெற்றதாகத் தெரியும் பதிவை மேலும் பலருக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறது. விளம்பரம் தரும் நிறுவனம் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்தே கட்டணத்தை முடிவு செய்கிறது. எண்ணுக்கு இவ்வளவு விலை இருக்கும்போது அதைத் தயாரித்து விற்பவர்கள் தோன்றியதில் வியப்பில்லை.

கணக்குகள் எங்கிருந்து வருகின்றன

ஒரு லைக்கை விற்க முதலில் ஒரு கணக்கு வேண்டும். கணக்கு திறக்க மின்னஞ்சல் முகவரி, பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண், ‘நான் இயந்திரம் அல்ல’ என்று காட்டும் கேப்ட்சா சோதனை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஐபி முகவரி ஆகியவை தேவை. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சந்தை இருக்கிறது. கேப்ட்சாவைக் காசு வாங்கிக்கொண்டு தீர்த்துத் தரும் சேவைகள் உண்டு. எஸ்எம்எஸ் உறுதிக் குறியீட்டைப் பெற்றுத் தர, கட்டுக்கட்டாக சிம் கார்டு வைத்திருப்பவர்கள் உண்டு. சிம் கார்டு மலிவாகக் கிடைக்கும் நாட்டு எண்ணில் திறந்த கணக்கு மலிவு, கெடுபிடி உள்ள நாட்டு எண்ணில் திறந்தது விலை கூடுதல்.

இந்தச் சந்தையை உள்ளிருந்தே அளந்த முக்கிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ட்விட்டர் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, 27 வியாபாரிகளிடமிருந்து பத்து மாதங்களில் 1,21,027 போலிக் கணக்குகளை வாங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 5,000 டாலர். ஒரு கணக்குக்குச் சராசரியாக 4 சென்ட். அந்தக் காலத்தில் ட்விட்டர் பிடித்த ஸ்பேம் கணக்குகளில் 10 முதல் 20 சதவீதம் இந்த 27 பேர் தயாரித்தவையே என்று ஆய்வு காட்டியது. உற்பத்தி இத்தனை சிலரின் கையில் இருந்ததால் அதை முடக்கும் வழியும் தெரிந்தது. கணக்கு திறக்கப்படும் முறையில் இருந்த ஒற்றுமைகளை வைத்து, அந்த வியாபாரிகள் உருவாக்கிய கணக்குகளில் 95 சதவீதத்தை ட்விட்டர் முடக்கியது. ஆனால் வியாபாரிகள் முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்தச் சுழற்சி இன்றுவரை நிற்கவில்லை.

எல்லாக் கணக்கும் இயந்திரம் படைத்தது அல்ல. மனிதக் கைகளாலேயே லைக் போடும் ‘கிளிக் பண்ணை’கள் இன்னொரு வகை. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2013இல் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் நடத்திய விசாரணையில், அங்கே 1,000 லைக் 15 டாலருக்கு விற்கப்படுவது தெரியவந்தது. உட்கார்ந்து கிளிக் செய்த தொழிலாளர்களில் சிலருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைத்த கூலி 120 டாலர். எட்டாயிரம் லைக்கின் விற்பனை விலை, ஓர் ஆளின் ஓராண்டு உழைப்பு. இந்தத் தொழிலைப் பற்றிப் பேசும்போது வாங்கிய பிரபலத்தின் பெயர்தான் செய்தியாகிறது. மங்கலான அறையில் இரவெல்லாம் கிளிக் செய்தவரின் கூலி செய்தியாவதில்லை. இந்தத் தொழிலில் முதலில் சுரண்டப்படுபவர் அவர்தான்.

தாய்லாந்தில் கம்போடிய எல்லையை ஒட்டிய சா கேயோ மாகாணத்தில் 2017 ஜூனில் காவல்துறை ஒரு வாடகை வீட்டைச் சோதனையிட்டது. உலோகச் சட்டங்களில் வரிசையாகப் பொருத்தி, கம்பிகளால் கணினிகளோடு இணைத்த 476 ஐஃபோன்களும் சுமார் 3,47,200 சிம் கார்டுகளும் கிடைத்தன. சீன நாட்டவர் மூவர் கைதானார்கள். சீனாவில் பயன்படும் வீசாட் செயலியில் விற்பனைப் பொருட்களுக்குப் பார்வையும் லைக்கும் கூட்டுவது தங்கள் வேலை என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் மீது பதிவான குற்றங்கள் விசாக் காலம் கடந்து தங்கியது, அனுமதியின்றி வேலை செய்தது, சிம் கார்டுகளைக் கடத்தி வந்தது ஆகியவை. லைக் தயாரித்தது குற்றப்பட்டியலில் இல்லை.

மூன்றாவது வகை இந்திய வாசகர்களுக்கு மிக நெருக்கமானது. 2010களின் நடுவில் ‘ஆட்டோ லைக்கர்’ என்ற பெயரில் பல தளங்கள் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே பரவின. இலவசமாக நூற்றுக்கணக்கான லைக் கிடைக்கும் என்பது அவற்றின் வாக்குறுதி. அதற்கு மாணவர் தன் ஃபேஸ்புக் கணக்கின் ‘ஆக்சஸ் டோக்கன்’ எனப்படும் நீண்ட எழுத்துக் கோவையை நகலெடுத்துத் தளத்தில் ஒட்ட வேண்டும். கடவுச்சொல் தரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்தக் கோவை கையில் இருந்தால் கணக்கின் பெயரால் வேறொருவர் லைக் போடலாம், கமெண்ட் எழுதலாம். இப்படித் திரண்ட டோக்கன்களைக் கொண்டு ஒருவரின் கணக்கால் மற்றவருக்கும், மற்றவரின் கணக்கால் இவருக்கும் லைக் போடப்பட்டது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இத்தகைய 22 வலையமைப்புகளைக் கண்காணித்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உண்மையான ஃபேஸ்புக் கணக்குகள் அவற்றில் சிக்கியிருந்ததைக் கண்டது. மிகப் பெரியதான ஹப்லா என்ற தளத்தில் மட்டும் கிட்டத்தட்ட மூன்று லட்சம் கணக்குகள். இந்தத் தளங்களுக்கு வந்தவர்களில் இந்தியர்களின் பங்கு மிகப் பெரியது. எச்டிசி போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் செயலிகளில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகளே டோக்கன் கசிய வழி செய்தன. தளம் நடத்தியவர்கள் விளம்பரத்திலும், காசு கட்டியவர்களுக்குக் கூடுதல் லைக் தரும் திட்டங்களிலும் சம்பாதித்தார்கள். லைக்குக்கு ஆசைப்பட்ட மாணவர், தெரியாமலே இன்னொருவர் விற்கும் சரக்காகவும் ஆனார்.

இந்த வகை லைக்கைப் பிடிப்பதுதான் தளங்களுக்குக் கடினமாக இருந்தது. கணக்கு உண்மை, ஆள் உண்மை, நண்பர்கள் உண்மை. அந்த ஒரு கிளிக் மட்டும் அவருடையது அல்ல.

பேனலும் மறுவிற்பனையும்

தயாரிப்பவரும் கடைசியாக வாங்குபவரும் நேரில் சந்திப்பது அரிது. இடையில் இருப்பது ‘எஸ்எம்எம் (சமூக ஊடகச் சந்தைப்படுத்தல்) பேனல்’ எனப்படும் மொத்த விற்பனைத் தளம். சரக்குப் பட்டியல், ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற விலை, குறைந்தபட்ச ஆர்டர், அனுப்பும் வேகம் எல்லாம் அதில் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒரு பேனலை இன்னொரு பேனலோடு மென்பொருள் வழியாகவே இணைத்துவிடலாம். கணினி அறிவு அதிகம் இல்லாத ஒருவர்கூடத் தன் பெயரில் ஒரு பேனலை வாடகைக்கு எடுத்து, மேலே இருப்பவரிடம் வாங்கி, விலையைக் கூட்டி விற்கலாம். இதனால் ஒரே லைக் நான்கைந்து கை மாறி வருகிறது. கடைசியில் விற்பவருக்கே அது எந்த நாட்டில், யாருடைய கணக்கிலிருந்து வருகிறது என்பது தெரியாது. காவல்துறை ஒரு விற்பனையாளரைப் பிடித்தாலும் உற்பத்தி நிற்காததற்குக் காரணம் இந்த அடுக்கு முறைதான்.

தொழிலுக்குள் புழங்கும் சொற்களே சரக்கின் தரத்தைச் சொல்லிவிடும். வாங்கிய ஃபாலோயர்கள் தளத்தின் களையெடுப்பில் காணாமல் போவது ‘டிராப்’. குறைந்ததைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் இலவசமாக ஈடுகட்டுவது ‘ரீஃபில்’. படமும் பதிவும் உள்ள கணக்கு உயர்தரம், படமே இல்லாமல் வெறுமையாக இருப்பது மலிவு. எண்ணிக்கை ஒரேயடியாக ஏறினால் சந்தேகம் வரும் என்பதால், நாளுக்கு இவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக ஏற்றுவதற்குத் தனிக் கட்டணம்.

இந்தக் கடைசிச் சேவை ஆய்விலும் உறுதிப்பட்டது. 2014இல் எமிலியானோ டி கிறிஸ்டோஃபாரோவும் உடன் ஆய்வாளர்களும் ஃபேஸ்புக்கில் ஒன்றுமே இல்லாத 13 பக்கங்களைத் திறந்தார்கள். சிலவற்றுக்கு ஃபேஸ்புக்கிலேயே விளம்பரம் தந்தார்கள். மற்றவற்றுக்கு லைக் விற்பவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். சில விற்பனையாளர்களின் லைக் இரண்டொரு மணி நேரத்தில் மொத்தமாக வந்து கொட்டியது. இன்னொருவரின் லைக் நாள்கணக்கில் மெல்ல வந்தது. அந்தக் கணக்குகள் ஒன்றுக்கொன்று நட்பில் பின்னிப் பிணைந்து, இயல்பான மனிதக் கூட்டம் போலவே தெரிந்தன. உலகம் முழுவதையும் இலக்காக வைத்துக் கொடுத்த முறையான ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு வந்த லைக்கிலும் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்திருந்தது.

அதே ஆண்டில் வெரிடாசியம் என்ற அறிவியல் யூடியூப் சேனல் இதன் விளைவை விளக்கியது. லைக் பண்ணையில் வேலை செய்யும் கணக்கு காசு கொடுத்தவருக்கு மட்டும் லைக் போட்டால் மாட்டிக்கொள்ளும். அதனால் கண்ணில் படும் பக்கங்களுக்கெல்லாம் இலவசமாகவும் லைக் போட்டு மறைத்துக்கொள்கிறது. நேர்மையாக விளம்பரம் கொடுத்த சிறுவணிகரின் பக்கத்திலும் இந்தக் கணக்குகள் ஏறிவிடுகின்றன. அவர்கள் எந்தப் பதிவையும் பார்ப்பதில்லை. ஃபாலோயர் ஆயிரக்கணக்கில் இருந்தும் பதிவைத் தொடுபவர் யாரும் இல்லை என்றால், தளத்தின் நிரல் அந்தப் பக்கத்தைத் தரம் குறைந்தது என்று எண்ணி உண்மையான ரசிகர்களுக்கும் காட்டாமல் ஒதுக்குகிறது. விளம்பரத்துக்குக் காசு கொடுத்துத் தன் பக்கத்தையே முடக்கிக்கொண்டவர் தன் தவறு என்ன என்றே அறியமாட்டார்.

டெவூமி

இந்தத் தொழிலின் உட்புறம் விரிவாக வெளிப்பட்ட பெரிய வழக்கு டெவூமியுடையது. 2018 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளியிட்ட விசாரணைக் கட்டுரை, டெவூமி என்ற அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பதிவேடுகளை ஆராய்ந்து எழுதப்பட்டது. நிறுவனம் தன் முகவரியாக நியூயார்க்கின் மன்ஹாட்டனைக் காட்டியது. உண்மையான அலுவலகம் ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில் ஓர் உணவகத்தின் மாடியில் இருந்தது. குறைந்தது இரண்டு லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மொத்தம் 20 கோடி ட்விட்டர் ஃபாலோயர்களை அது விற்றிருந்தது. 25,000 ஃபாலோயர் 225 டாலர். வாங்கியவர்களில் நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், போதகர்கள், தொழில்முனைவோர் என எல்லாத் தரப்பினரும் இருந்தார்கள்.

விற்ற 20 கோடி ஃபாலோயருக்குப் பின்னால் இருந்த கணக்குகள் சுமார் 35 லட்சம்தான். ஒவ்வொரு போலிக் கணக்கும் சராசரியாக 57 பேருக்கு விற்கப்பட்டிருக்கிறது. 2013 ஆய்வில் ஒரு கணக்கின் விலை 4 சென்ட் என்பதையும், டெவூமி ஒரு ஃபாலோயருக்கு ஏறக்குறைய ஒரு சென்ட் வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், 4 சென்ட் சரக்கு 50 சென்டுக்கு மேல் ஈட்டியது தெரிகிறது. இரண்டும் வேறு வேறு ஆண்டுகளின் விலை என்றாலும் லாபத்தின் அளவு விளங்கும். ஒரு முறை செய்த பொருளை அழியும்வரை திரும்பத் திரும்ப விற்கலாம் என்பதே இத்தொழிலின் அடித்தளம்.

அந்தக் கணக்குகளில் குறைந்தது 55,000 உண்மையான மனிதர்களின் பெயர், படம், ஊர் ஆகியவற்றைத் திருடிச் செய்யப்பட்டவை. பெயரில் ஓர் எழுத்தை மட்டும் அதேபோல் தோன்றும் வேறோர் எழுத்தாக மாற்றியிருந்தார்கள். ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் படத்தோடும் அறிமுக வரிகளோடும் இயங்கிய நகல் கணக்கு, அவர் அறியாத மொழிகளில் விளம்பரங்களையும் ஆபாசப் பக்கங்களையும் பகிர்ந்துகொண்டிருந்தது. போலி ஃபாலோயர் யாரையும் காயப்படுத்தாத சின்னப் பொய் என்று சொல்பவர்கள் இந்த 55,000 பேரைக் கணக்கில் எடுக்கவில்லை.

கட்டுரை வெளியான உடனேயே நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணையை அறிவித்தார். அந்த ஆண்டே டெவூமி மூடப்பட்டது. 2019 ஜனவரியில் ஏற்பட்ட தீர்வில், போலி ஃபாலோயரும் லைக்கும் விற்பது சட்டவிரோத ஏமாற்று, திருடிய அடையாளங்களைப் பயன்படுத்துவது சட்டவிரோத ஆள்மாறாட்டம் என்று அமெரிக்காவில் முதன்முறையாக ஒரு சட்ட அமலாக்க அமைப்பு வரையறுத்தது. நிறுவனம் கட்டிய தொகை 50,000 டாலர். 2019 அக்டோபரில் மத்திய வணிக ஆணையமான எஃப்டிசி தொடுத்த வழக்கில் உரிமையாளருக்கு 25 லட்சம் டாலர் விதிக்கப்பட்டது, 2.5 லட்சம் டாலர் கட்டினால் மீதி நிறுத்திவைக்கப்படும் என்ற ஏற்பாட்டோடு. எஃப்டிசி ஆவணங்களின்படி ட்விட்டர் ஃபாலோயருக்கு மட்டும் 58,000க்கு மேற்பட்ட ஆர்டர்களையும், யூடியூப் பார்வைக்கு 32,000க்கு மேற்பட்டவற்றையும் டெவூமி நிறைவேற்றியிருந்தது. லிங்க்டின்னுக்கும் 800 ஆர்டர்கள். வாங்கியவர்கள் ஒருவர்மீதும் நடவடிக்கை இல்லை.

வாங்குவோர்

நேட்டோவோடு இணைந்த, லாட்வியாவின் ரீகா நகரில் இயங்கும் தகவல்தொடர்பு ஆய்வு மையம், விலைக்கு வாங்கப்படும் சமூக ஊடக வரவேற்பில் 90 சதவீதத்துக்கு மேல் வணிக நோக்கிலானது என்று கணித்தது. இன்ஸ்டாகிராமில் பொருட்களை அறிமுகப்படுத்திக் கட்டணம் வாங்குவோர், புதிதாகத் தொடங்கிய கடைகள், பாடகர்கள், சினிமா விளம்பரக் குழுக்கள் இதில் முன்னணி. யூனிலீவர் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவராக இருந்த கீத் வீட், ஃபாலோயர் வாங்கும் பிரபலங்களோடு இனி வேலை செய்வதில்லை என்று 2018 ஜூனில் கான் விளம்பர விழாவில் அறிவித்தார். விளம்பரதாரர் ஏமாற்றப்படுவதை இவ்வளவு பெரிய நிறுவனம் பொதுமேடையில் ஏற்றது ஒரு திருப்பம்.

பொழுதுபோக்குத் துறையில் எண்ணிக்கை தனிப் போட்டியாகவே மாறிவிட்டது. தமிழ் சினிமாவில் டீசரும் டிரெய்லரும் வந்த 24 மணி நேரத்தில் இத்தனை கோடிப் பார்வை என்று தயாரிப்பு நிறுவனங்களே போஸ்டர் வெளியிடுகின்றன. ரசிகர்கள் அதை எதிர்த் தரப்பின் எண்ணோடு ஒப்பிட்டு நாள்கணக்கில் சண்டையிடுகிறார்கள். படம் எப்படி என்ற பேச்சுக்கு முன்பே எண் பேசப்படுகிறது. இந்தப் போட்டியின் எல்லையைக் காட்டியது 2019 ஜூலையில் வந்த ‘பாகல்’ என்ற இந்திப் பாடல். பாடகர் பாட்ஷாவின் அந்தப் பாடல் ஒரே நாளில் ஏழரைக் கோடிப் பார்வை பெற்று உலக சாதனை செய்ததாக அறிவிக்கப்பட்டது. யூடியூப் அதை ஏற்று அறிவிக்கவில்லை. பாடலைக் காட்ட கூகுள் விளம்பரம் வாங்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அது போலிப் பார்வை அல்ல, தளமே விற்கும் முறையான விளம்பரம். இருந்தும் அதே ஆண்டு செப்டம்பரில், விளம்பரம் வழியாக வந்த பார்வைகளை 24 மணி நேர சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று யூடியூப் விதியை மாற்றியது. தளத்திடமே காசு கொடுத்து எண்ணிக்கை வாங்குவதற்கும் பேனலில் வாங்குவதற்கும் சட்டப்படி வேறுபாடு உண்டு. பார்க்கும் ரசிகருக்கு இரண்டு எண்களும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

சீனாவில் ரசிகர்களே சந்தையானார்கள். 2018 ஆகஸ்டில் பாடகர் சாய் சுகுன் வெய்போ என்ற சமூக ஊடகத்தில் வெளியிட்ட ஒரு பதிவு சுமார் பத்து நாட்களில் பத்து கோடி முறை பகிரப்பட்டதாகக் காட்டியது. அப்போது வெய்போவின் மாதப் பயனர்களே ஏறக்குறைய 43 கோடி; நான்கைந்து பேருக்கு ஒருவர் பகிர்ந்திருந்தால்தான் அந்த எண் வரும். அதற்குப் பின்னால் இருந்தது ‘சிங்யுவான்’ என்ற செயலி. ஒரு ரசிகர் பணம் கட்டிப் பல கணக்குகளை அதில் இணைத்து, ஒரே பொத்தானில் ஆயிரக்கணக்கான பகிர்வுகளைச் செய்ய முடிந்தது. பெய்ஜிங் காவல்துறை செயலியை முடக்கியது. அதை உருவாக்கியவருக்கு ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. வெய்போ, பகிர்வு எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டினால் முழு எண்ணைக் காட்டாமல் நிறுத்திக்கொண்டது. நட்சத்திரத்தின் மீதான அன்பை எண்ணாக நிரூபிக்கச் சொல்லி இளைஞர்களின் பணத்தைக் கறந்த இந்த முறை, ரசிகர் மன்றங்கள் வலுவாக உள்ள எந்த மண்ணிலும் நடக்கக்கூடியது.

அரசியலில் அளவு சிறிது, கேடு பெரிது. ஃபேஸ்புக்கில் தரவு ஆய்வாளராக இருந்த சோஃபி ஜாங் 2018இல் ஹோண்டுராஸ் அதிபரின் பக்கத்தை ஆராய்ந்தார். ஆறு வாரங்களில் அந்தப் பதிவுகளுக்கு லைக் போட்ட 59,100 பேரில் 46,500 பேர் போலி. அவை போலிக் கணக்குகள்கூட அல்ல, மனிதப் பெயரும் படமும் வைத்துத் திறந்த ‘பக்கங்கள்’. ஒருவர் ஒரு கணக்குதான் வைத்திருக்கலாம் என்ற விதி பக்கங்களுக்கு இல்லை. பக்கத்தின் பெயரால் லைக்கும் கமெண்டும் போட முடிந்தது. அதிபரின் பக்கத்தை நிர்வகித்தவர்களில் ஒருவரே இந்தப் போலிப் பக்கங்களில் நூற்றுக்கணக்கானவற்றை வெளிப்படையாக நடத்தினார். ஜாங் சொன்ன பிறகும் நிறுவனம் நடவடிக்கை எடுக்க ஏறக்குறைய ஓராண்டு ஆனது. இந்தியாவிலும், 2020 டெல்லித் தேர்தல் காலத்தில் இயங்கிய போலிக் கணக்கு வலையமைப்புகளைத் தான் கண்டதாகவும், ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு நேரடித் தொடர்பு தெரிந்த வலையமைப்பை மட்டும் நிறுவனம் நீக்காமல் விட்டதாகவும் அவர் 2021இல் வெளியிட்டார்.

பிடிப்பதும் தப்புவதும்

யூடியூப் பல ஆண்டுகள் ஒரு வீடியோவின் பார்வை 301ஐத் தொட்டதும் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, மேற்கொண்டு வந்தவை உண்மையா என்று சோதித்தது. 2015 ஆகஸ்டில் அந்த முறையைக் கைவிட்டது. ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்ட ‘காப்பிகேட்ச்’ என்ற முறை, ஒரே பக்கங்களுக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப லைக் போடும் கூட்டத்தைத் தேடியது. தனியாகப் பார்த்தால் ஒரு கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. நூறு கணக்குகள் மாதக்கணக்கில் ஒரே அடியில் நடந்தால் அது தற்செயல் அல்ல. சொட்டுச் சொட்டாக ஏற்றும் சேவை இத்தகைய தேடலிலிருந்து தப்பும் வழி.

அவ்வப்போது மொத்தமாகக் களையெடுப்பும் நடக்கும். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் நடத்தியதில் ஜஸ்டின் பீபர் 35 லட்சம் ஃபாலோயர்களை இழந்தார். இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கே 1.89 கோடி இழந்தது. 2018 ஜூலையில் ட்விட்டர், சந்தேகத்தால் பூட்டிவைத்த கணக்குகளை ஃபாலோயர் எண்ணிக்கையிலிருந்து கழித்தபோது பராக் ஒபாமா இருபது லட்சத்துக்கு மேலும், ட்விட்டரின் சொந்தக் கணக்கு சுமார் 77 லட்சமும் இழந்தன. இவர்கள் யாரும் ஃபாலோயர் வாங்கியதாகப் பொருளில்லை. புகழ்பெற்றவரைப் பின்தொடர்வது போலிக் கணக்குக்கு நல்ல மறைப்பு. ஃபேஸ்புக் 2019இன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் 219 கோடி போலிக் கணக்குகளை நீக்கியதாக அறிவித்தது. பெரும்பாலானவை திறந்த சில நிமிடங்களிலேயே அகப்பட்டவை. அதையும் தாண்டி, மாதப் பயனர்களில் 5 சதவீதம் போலியாக இருக்கலாம் என்று அந்த நிறுவனமே மதிப்பிட்டது.

இந்த முயற்சிகளுக்கு ஓர் உள்முரண் உண்டு. தளத்தின் பயனர் எண்ணிக்கையே அதன் பங்கு மதிப்பையும் விளம்பர வருவாயையும் தாங்கி நிற்கிறது. களையெடுப்பு அந்த எண்ணைக் குறைக்கிறது. வாங்கியவர் புகார் செய்யமாட்டார், விற்றவர் சொல்லமாட்டார், தளமும் அவசரப்படுவதில்லை. இழப்பவர்கள் எல்லோரும் இந்த வியாபாரத்துக்கு வெளியே நிற்கிறார்கள். தளங்கள் எவ்வளவு விரைந்து செயல்படுகின்றன என்பதை ரீகா மையம் 2019இல் சோதித்தது. ரஷ்ய விற்பனையாளர்கள் 11 பேர், ஐரோப்பியர்கள் ஐவரிடம் 300 யூரோ கொடுத்து 3,530 கமெண்ட், 25,750 லைக், 20,000 பார்வை, 5,100 ஃபாலோயர் வாங்கியது. ஒன்றுக்கு அரை சென்டுக்குச் சற்று மேல். நான்கு வாரம் கழித்து ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தது. சில கணக்குகளைத் தளங்களுக்கே புகார் செய்து காட்டியது. மூன்று வாரத்துக்குப் பின்னும் அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் இயங்கிக்கொண்டிருந்தன.

யூடியூப் பொறியாளர்கள் 2013 வாக்கில் இன்னொரு அபாயத்தைக் கண்டு அஞ்சினார்கள். போலிப் பார்வை மொத்தத்தில் பாதியைத் தொட்டால், கண்டுபிடிக்கும் நிரல் போலியையே இயல்பு என்று கற்றுக்கொண்டு உண்மையான மனிதரைப் போலி என்று தள்ளத் தொடங்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தலைகீழாதல்’.

வெளியிலிருந்து சோதிக்கும் வழிகளும் அண்மையில் சுருங்கிவிட்டன. ட்விட்டர் 2023இல் தன் தரவுகளை ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தருவதை நிறுத்தியது. எக்ஸ் என்று பெயர் மாறிய பிறகு 2024 ஜூனில், ஒரு பதிவுக்கு யார் லைக் போட்டார் என்ற பட்டியலை மற்றவர் பார்வையிலிருந்து மறைத்தது. எண்ணிக்கையை மட்டும் விட்டுவைத்தது. ஃபேஸ்புக் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை அதன் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. எண் தெரிகிறது, அதன் பின்னால் இருப்பவர் தெரிவதில்லை. இதைவிட விற்பனையாளருக்குச் சாதகமான ஏற்பாடு வேறில்லை.

சட்டம்

2024 ஆகஸ்டில் எஃப்டிசி வெளியிட்டு அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதி, இயந்திரக் கணக்குகளாலோ களவாடிய கணக்குகளாலோ உருவான ஃபாலோயர், பார்வை போன்றவற்றை விற்பதை மட்டுமல்லாமல் வாங்குவதையும் தடைசெய்கிறது. அவை போலி என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது தெரிந்திருக்க வாய்ப்பு இருக்க வேண்டும். வணிக நோக்கில் தன் செல்வாக்கைத் தவறாகக் காட்டப் பயன்பட்டிருக்க வேண்டும். நடைமுறைக்கு வந்தபோது ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை அபராதம். வாங்குபவரைப் பொறுப்பாக்கியது சரியான அடி. தேர்தலுக்காக வாங்கும் லைக் இந்த விதியின் எல்லைக்குள் வரவில்லை.

இந்தியாவில் 2020 ஜூலையில், தன் பெயரில் போலிக் கணக்கு இருப்பதாக ஒரு பின்னணிப் பாடகி கொடுத்த புகாரிலிருந்து மும்பைக் காவல்துறை விசாரணை தொடங்கியது. போலி ஃபாலோயர் விற்ற 21 வயது இளைஞர் ஒருவர் கைதானார்; இந்த வியாபாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருப்பதாகக் காவல்துறை தெரிவித்தது. இங்கும் வழக்கு நகர்ந்தது அடையாளத் திருட்டு என்ற வாசல் வழியாகத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. 66டி பிரிவு ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இன்ஸ்டாகிராம், யூடியூப் பிரபலங்களுக்காக 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, காசு வாங்கிச் செய்யும் பரிந்துரையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. கற்பனைப் பெயரில், யாருடைய படத்தையும் திருடாமல் உருவாக்கிய பத்தாயிரம் ஃபாலோயர்களை ஒருவர் வாங்கினால், அதை நேராகப் பெயர் சொல்லிக் குற்றமாக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை.

அப்படி ஒரு சட்டம் வேண்டும். அதில் விற்பவரோடு வாங்குபவரும், வணிகத்தோடு அரசியலும் அடங்க வேண்டும். களையெடுப்பில் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை போலி நீக்கப்பட்டது என்பதைத் தளங்கள் பக்கம்வாரியாக வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்; அந்தத் தகவல் இன்றும் அவர்களிடம் இருக்கிறது.